சோதித்தவர் பெயர்

வெள்ளிக்கிழமை மதியம், ஆள் இல்லாத சட்டகம் ஒன்று தன் இடது கையை இரண்டு தடவை உதறியது. அப்போது லேபில் நான் மட்டும்தான் இருந்தேன்.

எஸ்தர் அக்கா, இதை போனில் பேசிப் பேசி எழுத்தாக்குகிறேன். கையால் தட்டினால் அழித்து அழித்து, கடைசியில் 'நல்லா இருக்கேன், சாப்டேன்' என்று மட்டும் உனக்கு வந்து சேரும். பேசினால் பேசியதுதான். உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சொல்லிக்கொண்டே போகிறேன், ஏனென்றால் இதை நீ அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

சட்டகம் என்றால் அப்பா மாட்டிக்கொண்டு வேலை செய்தாரே, அதுதான். முதுகில் ஒரு பெட்டி, அதிலிருந்து கைக்கும் காலுக்கும் ஓடும் அலுமினியக் கம்பிகள், மூட்டுக்கு மூட்டு மோட்டார். அதை மாட்டினால் எண்பது கிலோ இரும்புத் தகட்டைத் தலையணை மாதிரி தூக்கலாம். மலேசியாவில், ஜோகூரில் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் அப்பா அதை ஆறு வருஷம் மாட்டினார். அதற்குள்ளேயேதான் செத்தார். அதைச் செய்கிற கம்பெனியில்தான், அவர் போய் ஒரு வருஷம் கழித்து, நான் பினாங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். ஏன் சேர்ந்தாய் என்று நீ அப்போது கேட்டாய். நல்ல வேலை என்றேன்.

லேபில் ஒரு கம்பத்தில் சட்டகத்தைத் தொங்கவிட்டு, அதன் முதுகுப் பெட்டிக்குள் இந்த வருஷம் வந்த புது போர்டை வைத்திருந்தோம். நான் சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. முதுகை நிமிர்த்தியது. இடது மணிக்கட்டை ஒரு உதறு, இன்னொரு உதறு. பிறகு வலது பாதத்தை அரை அடி வெளியே வைத்து நின்றது.

அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் அதே இரண்டு உதறல், அதே அரை அடி.

கோகிலவாணி அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தார். போர்டுகளைச் சாலிடர் செய்து கொடுப்பவர் அவர்தான், இந்த ஊரிலேயே பிறந்தவர்.

"தம்பி, சாப்ட வரலயா? மணி ஒண்ணாவ போவுதுலா."

"கோகிக்கா, இதுல இருக்கற மெமரிய எங்கருந்து எடுத்தீங்க?"

"அந்த அலமாரிதான். யார்டுலருந்து திரும்பி வந்த சாமான் கெடக்குல்ல? புதுசு இன்னும் வந்து சேரல, டெஸ்டுக்கு என்னாத்துக்குப் புதுசுன்னு ஒண்ணு கழட்டிப் போட்டேன். ஏன், ஓடலயா?"

"ஓடுது."

"ஓடுனா சந்தோஷப்படுலா. மூஞ்சி ஏன் பேயடிச்ச மாதிரி இருக்கு?"

அலமாரியில் அவர் கழற்றிய பெட்டி திறந்து கிடந்தது. பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளில் யார்டின் பெயரும் தேதியும் இருந்தன. மார்ச் பதினொன்று. அந்தத் தேதிக்குத்தான் வருஷாவருஷம் அப்பாவுக்காக அம்மா கோயிலில் பூசை வைக்கிறாள்.

உனக்கு போன் செய்தது அப்போதுதான். அங்கே மணி பத்தரை, நீ இறால் கம்பெனியிலிருந்து காலைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தாய்.

"ஏல, வேல நேரத்துல போன் பண்ணுத. என்ன ஆச்சு?"

"அக்கா, அப்பா ஏதாவது தூக்குறதுக்கு முன்னாடி கைய உதறுவாருல்லா. எந்தக் கை?"

"இடது கை. ரெண்டு தடவ. உப்பளத்துல தண்ணிய உதறி உதறி வந்த பழக்கம். சோத்துக்கு உக்காரும்போதுகூட உதறி அம்மாட்ட ஏச்சு வாங்குவாரு. ஏன் கேக்க?"

"இங்க ஒரு மிசின் அப்படி உதறுது."

"மிசின் எப்படில உதறும்?"

"மாட்டுறவரு எப்படிக் குனியுதாரு, எப்படி நடக்காருன்னு அது படிச்சு வச்சுக்கிடும்க்கா. நாள் ஆக ஆக அவர மாதிரியே அசையும். அப்பதான் உடம்பு வலிக்காது. நான் இப்ப புது போர்டுக்கு பூட்லோடர்ல கான்ஃபிக் சேக்கேன்..."

"தமிழ்ல சொல்லுல."

"கரண்ட் வந்ததும் போர்டுக்கு ஒண்ணும் தெரியாது. தான் யாரு, கை எங்க இருக்கு, கால் எங்க இருக்கு, எதுவுமே. முதல்ல ஒரு சின்ன புரோகிராம் முழிக்கும். நீ இன்ன போர்டு, உன் ஞாபகம் இன்ன இடத்துல கெடக்கு, இவ்வளவு நேரம் பொறுத்து எந்திரின்னு அதுதான் சொல்லும். புது போர்டு வந்தா அந்த விவரத்த ஒரு பக்கம் எழுதிச் சேக்கணும்."

"முழுசா நீயா எழுதுத?"

"இல்ல. பழைய போர்டு பக்கத்தக் காப்பியடிச்சு, பேர மாத்தி, வேற எதெது மாறுதோ அத மட்டும் திருத்துவோம். எல்லாரும் அப்படித்தான்."

"பன்னெண்டாப்புல மாட்டுனதும் அப்படித்தான நீ."

நான் சிரிக்கவில்லை. நீ கேட்டாய். "அப்ப அப்பா நட அதுக்குள்ள இருக்கா?"

"இருக்கு. நான் பழைய பக்கத்த அப்படியே காப்பியடிச்சதுனால, ஞாபகம் இருக்குற பழைய இடத்துலயே போயி இதுவும் தேடிருக்கு. அங்க அப்பா இருந்தாரு."

பின்னாலிருந்து அம்மா குரல் கேட்டது. "யாரு, ரூபனா? கேஸு அடுப்பு, லிப்டு, எதுவானாலும் பொத்தான பாத்து அமுக்கச் சொல்லு. அவங்கப்பன மாதிரி நிக்காம."

ரெண்டு வருஷமாக அம்மா இதைத்தான் சொல்கிறாள். யார்டு அனுப்பிய தாளில் அப்படித்தான் இருந்தது. அப்பா ஒரு தகட்டுக்குக் கீழே குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். மின்சாரம் ஒரு கணம் போய் வந்தது. சட்டகம் அணைந்து, விழித்து, நிமிர்ந்து நிற்கப் பார்த்தது. மேலே தகடு. 'அணிந்திருந்தவர் நிறுத்து பொத்தானை அமுக்கவில்லை' என்று அதில் ஒரு வரி. நீதான் அதைத் தமிழில் அம்மாவுக்குச் சொன்னாய். அன்றிலிருந்து அம்மா அழுவதைவிட ஏசுவதுதான் அதிகம். வலது கை பெருவிரலுக்குக் கீழேயே இருக்கிற பொத்தான், அதை அமுக்கத் தெரியாத மனுசனா என்று.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அறையிலேயே படுத்துக் கிடந்தேன். திங்கட்கிழமை காலையில் போய் அந்த மெமரியைத் திறந்து படித்தேன்.

நடை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு இடம் உண்டு. பொத்தானைக் கவனிக்கவென்றே ஒரு தனிச் சில்லு இருக்கிறது, மின்சாரம் போனாலும் அது பேட்டரியில் எப்போதும் விழித்திருக்கும். பொத்தான் அமுங்கினால் நேரம் குறிக்கும், விட்டால் அதற்கும் நேரம் குறிக்கும். வேறு ஒன்றும் தெரியாது அதற்கு. விபத்தை விசாரித்தவர்கள் சட்டகத்தை ஓட்டுகிற பெரிய புரோகிராம் எழுதிவைத்ததை மட்டும் படித்திருக்கிறார்கள். இந்த மூலையை யாரும் தொடவில்லை.

மார்ச் பதினொன்று, காலை பத்து இருபது. மின்சாரம் திரும்பி வந்து புள்ளி நான்கு வினாடியில் ஒரு பதிவு: அமுங்கியது.

அரை வினாடிகூட இல்லை, அக்கா. நீயும் நானும் கண் சிமிட்டி முடிப்பதற்குள் அப்பா அமுக்கிவிட்டார்.

அதற்குக் கீழே 'விட்டது' என்ற பதிவைத் தேடினேன். இல்லை. பெட்டியின் பேட்டரியைப் பிடுங்கிய மத்தியானம் வரைக்கும் இல்லை.

கோகிக்கா என் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"அமுக்கிருக்காரே தம்பி. அப்பறம் ஏன் நிக்கல?"

"கேக்கறதுக்கு ஆள் இல்லக்கா. சின்ன புரோகிராம் முழிச்சதும் கொஞ்ச நேரம் பொறுத்திருக்கணும். அந்த நேரத்துலதான் பொத்தான் அமுங்கியிருக்கான்னு பாக்கும். பொறுக்கற நேரம் ஸீரோன்னு இருந்தா பாக்காமலே தாண்டிப் போயிரும்."

"எல்லாப் போர்டுலயும் மூணு செகண்டுலா இருக்கும்? பீப், பீப், பீப்னு கத்தும்."

"இவரு மாட்டுன போர்டுல ஸீரோ."

"எவன்லா போட்டான் ஸீரோ? மண்ட இருக்கா இல்லயா அவனுக்கு?"

ஒரு வரியை யார் எழுதியது, எப்போது எழுதியது என்று காட்டும் கட்டளை ஒன்று எங்கள் வேலையில் உண்டு. நான் அதை அடிக்கவில்லை. அடிக்கத் தேவையில்லை.

அக்கா, நான் கடைசி வருஷம் படிக்கும்போது அப்பா போனில் புலம்புவார், உனக்கு நினைவிருக்கும். பேட்டரி மாற்றினால், கரண்ட் தள்ளாடினால், ஒரு ஷிஃப்டில் இருபது தடவை அணைந்து எழும், ஒவ்வொரு தடவையும் மூன்று பீப். "அந்த மூணு பீப் முடியுறதுக்குள்ள ஃபோர்மேன் நாலு கெட்ட வார்த்த பேசி முடிச்சிருதாம்ல. நீ இதத்தான படிக்க? கொஞ்சம் வெரசா எந்திரிக்க வைக்க முடியாதா?" என்றார். அப்பா என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த பூட்லோடர், அதாவது முதலில் முழிக்கிற சின்ன புரோகிராம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம் என்று பொதுவில் இருப்பது. அப்பாவின் சட்டகத்தில் இருந்த போர்டுக்கு அதில் பக்கமே இல்லை. கம்பெனி தனியாக ஏதோ ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தது. நான் அதே மாதிரி வேறொரு போர்டின் பக்கத்தைக் காப்பியடித்தேன், பேரை மாற்றினேன், மூன்றை அழித்து ஸீரோ என்று போட்டேன். மூன்று எதற்கு என்று யாரிடமும் கேட்கவில்லை. அது வெறும் காத்திருப்பு என்று நினைத்தேன்.

அனுப்பினேன். சரிபார்க்கிறவர் எங்கோ வெளிநாட்டில் இருந்து ஒரு கேள்விதான் கேட்டார்: உண்மையான போர்டில் இதை ஓட்டிப் பார்த்தது யார்? அது ஒரு வழக்கம். எழுதியவர் பேருக்குக் கீழே சோதித்தவர் பேர் வேண்டும். என்னிடம் சட்டகமும் இல்லை, அந்த போர்டும் இல்லை. ஹாஸ்டலில் ஒரு பழைய மலிவு போர்டில் விளக்கை எரியவிட்டுப் பார்த்ததோடு சரி. ஆனால் அப்பாவிடம் சட்டகம் இருந்தது. எப்படியும் அப்பாதானே ஓட்டப்போகிறார் என்று அவர் பேரைப் போட்டுவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு நம்பிக்கையே வரவில்லை. "என் பேரையா போட்ட? கம்ப்யூட்டர்லயா?"

"உலகத்துல யாரு வேணா பாக்கலாம்ப்பா."

"இஸ்ரவேல்னு சரியா எழுதுனியா?"

தங்கும் கொட்டகையில் எல்லாருக்கும் அன்றைக்கு வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக்கொடுத்தாராம். நான்கைந்து மாதத்தில் கம்பெனியும் தன் ஒட்டுவேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்தப் பக்கத்தையே எடுத்துக்கொண்டது. யார்டில் பீப் நின்றது. அப்பா போன் போட்டு, "சொடக்குப் போட்டா எந்திரிக்குல" என்றார்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். அப்பா செத்த அன்றைக்கே எனக்கு அந்த ஸீரோ ஞாபகம் வந்தது. அப்புறம் அந்தத் தாள் வந்தது, அவர் அமுக்கவில்லை என்று. அமுக்கவே இல்லையென்றால் மூன்று வினாடி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் ரெண்டு வருஷம் தூங்கினேன். அம்மா அவரை ஏசும்போதெல்லாம் நான் வாய் திறக்கவில்லை. அம்மா ஏச ஏச எனக்கு லேசாக இருந்தது.

கோகிக்கா கேட்ட கேள்வி மேசைமேல் கிடந்தது. நான் கட்டளையை அடித்தேன். திரையில் வந்தது.

எழுதியவர்: ரூபன்.
சோதித்தவர்: இஸ்ரவேல்.

"இஸ்ரவேல் யாரு, தம்பி?" என்றார்.

மெமரிப் பெட்டியைக் காட்டினேன். அவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பிறகு, "புதுசுல எத்தன போட்டிருக்க?" என்றார்.

"இன்னும் மாத்தல. காப்பியடிச்சது அப்படியே இருக்கு. ஸீரோ."

மறுநாள் மேலாளர் லிம்மிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. நான் பேசப் பேசக் குறிப்பு எடுத்தார். மூன்று வினாடி வேண்டும் என்றதும் பேனாவை வைத்தார்.

"ரூபன், யார்டுகளே ஸீரோதான் கேட்கின்றன. மாட்டுகிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். பீப் சத்தம் அவர்களுக்குப் பிடிக்காது."

"தெரியும். என்னிடமும் ஒருவர் கேட்டார்."

"பழைய போர்டில் அந்தப் பக்கம் உன்னுடையதுதானே? அதைப் பார்த்துத்தானே உன்னை எடுத்தோம். வேகமாக எழுகிறது என்று எல்லாரும் பாராட்டினார்கள்."

"அந்த ஸீரோவைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்திருக்கிறேன். பழைய போர்டிலும் சேர்த்து."

பதிவை அவர் முன்னால் வைத்தேன். புள்ளி நான்கு. அவர் இரண்டு தடவை வாசித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது பொத்தான் கோளாறாகவும் இருக்கலாம்" என்றார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று குரலில் தெரிந்தது. "உனக்கு வழக்கம் தெரியும். சோதித்தவர் பேர் இல்லாமல் ஒரு வரியும் உள்ளே போகாது. மேசைமேல் வைத்து இல்லை, கம்பத்தில் தொங்கவிட்டும் இல்லை. ஆளை உள்ளே வைத்துச் சோதித்துவிட்டு வா."

அந்த வழக்கத்தை நான் ஒரு தடவை ஏமாற்றியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

புதன்கிழமை காலை, கோகிக்கா கம்பத்திலிருந்து சட்டகத்தை இறக்கினார். நான் மாட்டிக்கொண்டேன். அது அப்பா மாதிரி உயரமான ஆட்களுக்குச் செய்தது, பட்டைகளை மூன்று ஓட்டை இறுக்க வேண்டியிருந்தது. இரண்டு மேசைகளுக்கு நடுவில் ஒரு தெர்மகோல் பலகையைப் போட்டார்கள், தகட்டுக்குப் பதிலாக. நான் அதன் கீழே குனிந்தேன். லிம் கதவோரம் நின்றார். கோகிக்கா கையில் சுவிட்ச்.

"வேற ஒரு ஆளக் கூப்புடலாம்லா" என்றார்.

"வேண்டாம்க்கா. முதல்ல ஸீரோ."

மின்சாரம் போனது. சட்டகம் கனத்துத் தொங்கியது. மின்சாரம் வந்தது. நான் அமுக்கினேன், அக்கா. தயாராக இருந்தேன், பெருவிரல் பொத்தான் மேலேயே இருந்தது, அப்பாவைவிட வேகமாக அமுக்கினேன். முதுகு என்னுடையதில்லாமல் நிமிர்ந்தது. தெர்மகோல் என் பிடரியில் பட்டு உடைந்தது. பொடி சட்டைக்குள் விழுந்தது. நிமிர்ந்து முடித்த பிறகும் நான் அமுக்கிக்கொண்டே நின்றேன். கோகிக்கா வந்து என் விரலைப் பிரித்துவிட வேண்டியிருந்தது. அந்த 'விட்டது' என்ற பதிவு ஏன் இல்லை என்று அப்போது புரிந்தது.

லிம் கதவோரத்திலிருந்து வந்தார். தரையிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டைக் குனிந்து எடுத்து, கையிலேயே வைத்துக்கொண்டார்.

ஸீரோவை அழித்து மூன்று என்று போட்டு ஏற்றினேன். புதுப் பலகை வைத்தார்கள். குனிந்தேன். மின்சாரம் போய் வந்தது. பீப். அமுக்கினேன். அவ்வளவுதான். அசையவில்லை. குனிந்த இடத்தில் அப்படியே நின்றது. நான் பட்டையைக் கழற்றி, பலகைக்குக் கீழிருந்து தவழ்ந்து வெளியே வந்தேன். ஒரு மனுசன் அப்படி வெளியே வருவதற்கு முழுசாக நேரம் இருந்தது.

"போதும்" என்றார் லிம். "உள்ளே போகட்டும். இரண்டு போர்டிலும்."

"இன்னும் ஒண்ணு இருக்கு. அமுக்காம விட்டா ஒழுங்கா எந்திரிக்குதான்னு பாக்கணும்" என்று கோகிக்காவிடம் சொன்னேன். சோதனைக்கு அது தேவைதான். அதற்காக மட்டும் சொல்லவில்லை.

நேராக நின்றேன். மேலே பலகை எதுவும் இல்லை. பீப். பீப். பீப். நான் அமுக்கவில்லை. சட்டகம் விழித்தது, என் முதுகை நிமிர்த்தியது. பிறகு என் இடது கையைத் தூக்கி, மணிக்கட்டை ஒரு உதறு உதறியது. இன்னொரு உதறு. என் கை, அக்கா. விரல் நுனி வரைக்கும் அந்த உதறல் வந்தது. காய்ந்த கையைத்தான் பார்த்தேன், ஆனாலும் தண்ணீர் தெறித்திருக்கும் என்று தரையைப் பார்த்தேன். வலது பாதம் தானாக அரை அடி வெளியே போய், தூக்குவதற்குத் தயாராக நின்றது. நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். யாரும் சுவிட்சை அணைக்கவில்லை.

கழற்றிய பிறகு கோகிக்கா மெமரிப் பெட்டியைத் தனியாக எடுத்து, அதன்மேல் டேப் ஒட்டி, பேனாவால் எழுதினார்: 'இஸ்ரவேல். அழிக்கக் கூடாது.' எழுத்து சரியா என்று என்னிடம் காட்டிக் கேட்டார். சரி என்றேன்.

மாற்றத்தை அனுப்பும்போது காரணம் எழுத ஒரு வரி கொடுப்பார்கள். 'இந்த மூன்று வினாடி மாட்டியிருப்பவருக்கு' என்று எழுதினேன். கீழே எழுதியவர்: ரூபன். சோதித்தவர்: ரூபன். இந்தத் தடவை அது பொய் இல்லை.

அம்மாவுக்கு வாசிக்கும்போது ஆரம்பத்திலிருந்து வாசிக்காதே. முதலில் இதைச் சொல்: அப்பா அமுக்கினார். அரை வினாடிக்குள் அமுக்கினார், விடவே இல்லை. அம்மா கொஞ்ச நேரம் அழட்டும். அப்புறம், பின்னே ஏன் அது நிற்கவில்லை என்று கேட்பாள். கட்டாயம் கேட்பாள். அப்போது மீதியை வாசி. என் பேர் வருகிற இடத்தில் நிறுத்தாதே.

போன் பக்கத்திலேயே இருக்கிறேன். அம்மா ஏசினால் ஏசட்டும். இனிமேல் என்னை ஏசட்டும்.